ஆச்சிக்கு ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?

எங்க வீட்ல ரெண்டு தண்ணி, ஒண்ணு தாமிரபரணி குழாய்த் தண்ணி, இன்னொண்ணு போர்வெல் தண்ணி. ஆச்சிக்கு 78 வயசு, குழாய் வராத நாள்ல போர் தண்ணியத்தான் குடிக்காவ, அதான் எது நல்லதுன்னு உக்காந்து பாத்தேன்.

ஆத்துத் தண்ணி பொதிகைல இருந்து ஓடி வருது, பாறையோட ரொம்ப நாள் கெடக்காது, அதனால பாறைல இருந்து கரையுற ஃப்ளோரைடுங்கிற உப்பு பொதுவா கம்மி. இதுல பயம் கிருமிதான், நல்லா கொதிக்க வச்சா அது முடிஞ்சுது. போர் அப்படி இல்ல. அடில கெட்டிப் பாறை, அதுக்குள்ள வருசக்கணக்கா தண்ணி கெடக்கும்போது பாறைல உள்ள ஃப்ளோரைடு கரைஞ்சு வரலாம், கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வச்சா ஆவி போயி மிச்சத் தண்ணில இன்னும் கூடத்தான் செய்யும். குடிதண்ணில ஃப்ளோரைடுக்கு இந்தியத் தரக் கணக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழி இல்லன்னா 1.5 வரைக்கும்.

ஃப்ளோரைடே கெட்டதுன்னு நெனைக்காதீங்க, பல்லுல பட்டா பல்லு மேல உள்ள எனாமல் ஆசிட்ட தாங்கும். வயசானவங்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளிய தெரியும், சில பிரஷர் மாத்திரைல வாயும் காயும், அங்கதான் சொத்தை சீக்கிரம் புடிக்கும். அதுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் இருக்கு, தேச்சுட்டு துப்பிரலாம்லா. தண்ணி வழியா கூடுதலா பல வருசம் உள்ள போனா எலும்புல சேரும், மூட்டு இறுகும், நாமளும் வயசாயிட்டுன்னு விட்டுருவோம்.

என்னயக் கேட்டா ஆச்சிக்கு கொதிக்க வச்ச ஆத்துத் தண்ணிதான். போர் மட்டுந்தான் இருக்குன்னா முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, ஃப்ளோரைடு கூடுதலா இருந்தா ஆர்ஓ ஃபில்டர் வைங்க.