மகளின் வேப்பம் பெட்டி: எட்டாவது ஆண்டில் எழுதுவது

பொம்மைப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் மூடியை ஒரு சாண் தூக்கி, கையை எடுத்துவிட்டுப் பார்ப்பேன். 2017இல் வந்த பழக்கம் இது.

தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பெட்டி கடையில் வாங்கியது. இளஞ்சிவப்பு நிறம், மேலே முயல் படம். உள்ளே இருப்பது மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை என்பது அடிப்பகுதி ஊறிய பிறகுதான் தெரிந்தது. தரையைத் துடைக்கும் ஈரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆறாவது மாதத்தில் அடி விளிம்பு பணியாரம் போல உப்பிவிட்டது. கீல் திருகுகள் பிடிமானம் இழந்து ஆடின. ஒரு மாலை மகள் உள்ளே எட்டி ஒரு சொப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது மூடி அவள் விரல்கள் மேல் விழுந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நடுவிரல் நகம் கறுத்து, விழுந்து, மறுபடி முளைக்கும் வரை அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அடுத்த பெட்டியை ஆசாரியிடம் சொல்லிச் செய்வது என்று முடிவு செய்தோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய தோப்புகளில் வெட்டும் மரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பதப்படுத்தாத மாம்பலகையில் வண்டு சீக்கிரம் விழும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். தேக்கு விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பாலக்கோட்டுக்கு அருகே மாமனாரின் நிலத்தில் 2016 ஆடிக் காற்றில் சாய்ந்த வேப்பமரம் ஒன்று இருந்தது. அப்போதே அறுவை மில்லில் கொடுத்து ஒரு அங்குலப் பலகைகளாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, கொட்டகை நிழலில் அடுக்கியிருந்தார். முதல் பெட்டி உடைந்ததும் நான் அவசரப்பட்டேன். "மரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது அம்மா, தை வரட்டும்" என்றார். வேம்பு சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 2018 தையில் செய்த பெட்டியில் இன்று வரை ஒரு பலகைகூட வளையவில்லை.

நீளம் மூன்று அடி, அகலம் ஒன்றரை அடி. ஆழம் 14 அங்குலம்தான். அதற்கு மேல் போனால் குழந்தை விளிம்பில் வயிற்றை வைத்துத் தலைகீழாகத் தொங்கித்தான் அடியில் இருப்பதை எடுக்க வேண்டும். மூலைகளைப் புறாவால் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சேர்த்தார் ஆசாரி. கூலி 5,500 ரூபாய். பெட்டிக்கு ஒரு அங்குல உயரத்தில் கட்டைக் கால்கள் உண்டு. தரை துடைக்கும் தண்ணீர் பலகையைத் தொடாது. சக்கரம் வேண்டாம் என்று நானே சொன்னேன். நிற்கப் பழகும் குழந்தை பெட்டியைப் பிடித்துத்தான் எழும்.

இனி மூடி. முழு வேம்பில் போட்டால் மூடி மட்டுமே ஆறு கிலோ வரும் என்று கணக்குச் சொன்னார் ஆசாரி. அதனால் நான்கு பக்கமும் வேப்பஞ்சட்டம், நடுவே பள்ளம் எடுத்துச் செருகிய மெல்லிய பிளைவுட் என்று மாற்றினோம். எடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஒரே பியானோ கீல். கீலுக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைய இடமே இல்லை. அடுத்து, பெட்டியின் மேல் விளிம்பு. நான்கு மூலைகளில் மட்டும் மூடி உட்காரும்படி விட்டு, முன்னும் பக்கங்களிலும் நடுப்பகுதியை அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகச் செதுக்கச் சொன்னேன். மூடி முழுவதும் இறங்கிய பிறகும் சிறு விரல்கள் நசுங்காமல் அந்த இடைவெளியில் இருக்கும். விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியபோது ஆசாரி தன் சுண்டுவிரலை உள்ளே விட்டு மூன்று முறை மூடிப் பார்த்தார். அந்த விரலை நான் மறக்கவில்லை.

இடைவெளியால் இன்னொரு நன்மை, காற்று. கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைக்குப் பெட்டி என்றால் ஒளிந்துகொள்ளும் இடம். உள்ளே போய் மூடிவிட்டால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. அதற்காகவே இரு பக்கப் பலகைகளிலும் இரண்டிரண்டாக ஒரு அங்குலத் துளைகளும் போட்டோம். தாழ்ப்பாள், கொண்டி எதுவும் வைக்கவில்லை. அழகுக்காக வைக்கும் பித்தளைக் கொண்டிகூடக் கூடாது, அது தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும்.

முதல் ஆண்டு மூடிக்குச் சங்கிலி போட்டிருந்தோம். என் தவறு அது. மூடி பின்னால் சாய்ந்து கீலைப் பிய்த்துவிடாமல்தான் சங்கிலி தடுக்கும். முன்னால் விழுவதைத் தடுக்காது. ஓசூரில் சமையலறை அலமாரி உதிரிகள் விற்கும் கடையில் இரண்டு கேஸ் உருளைகள் (உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் மூடியைத் தாங்கும் சிறு தண்டுகள்) வாங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிய பிறகுதான் நிம்மதி வந்தது. கட்டிலுக்குப் போடுவதை வாங்கிவிடாதீர்கள். இலேசான மூடியை அது எகிறவைத்துக் குழந்தையின் முகவாயில் அடிக்கும். மூடியின் எடையைச் சொல்லி அதற்கேற்ற சிறிய உருளையைக் கேளுங்கள். எங்கள் மூடியை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். கடைசி நான்கு விரல் தூரம் மட்டும் மெதுவாக இறங்கும்.

பூச்சு விஷயத்தில் ஆசாரியோடு சிறு வாக்குவாதம் நடந்தது. கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பழைய எனாமல் டின் அவரிடம் இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அவருடைய டின் அதற்கு வெகு காலம் முந்தியது. பல் முளைக்கும் வயதில் குழந்தை எந்த விளிம்பையும் கடிக்கும். கடைசியில் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் நான்கு பூச்சுக் கொடுத்தார். கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப் பொம்மைகளுக்குப் பளபளப்புத் தருவதும் இதே அரக்குதான். பெட்டிக்குள் கிடந்த மரக் கிலுகிலுப்பையும் பெட்டியும் ஒரே மாதிரி மின்னியதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அரக்குக்குக் குறையும் உண்டு. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். 2020 ஊரடங்கில் மூடி மேல் சானிடைசர் பாட்டிலை வைத்திருந்தோம். சொட்டிய இடமெல்லாம் பிசுபிசுத்துப் பூச்சு கரைந்தது. ஸ்பிரிட்டில் கரைத்தது, ஸ்பிரிட்டிலேயே கரையும் என்பது அப்போதுதான் உறைத்தது. சரிசெய்வதும் அவ்வளவே எளிது. கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு நானே தேய்த்தேன், தழும்பு மறைந்துவிட்டது. பெயின்ட் உரிந்திருந்தால் மொத்தமாகச் சுரண்டியிருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டு ஒரு கட்டைக் காலின் அடியில் மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தது. கரையானோ என்று பதறினேன். ஆசாரி வந்து அந்தக் கட்டையைக் கழற்றிக் காட்டினார்: குண்டூசித் துளைகள், அதுவும் வெளிர் நிறப் பகுதியில் மட்டும். வைரம் பாய்ந்த செம்பழுப்புப் பகுதியை வண்டு தொடவே இல்லை. பொம்மை வைக்கும் பெட்டி என்பதால் மருந்து அடிக்கவில்லை. கட்டையை எரித்துவிட்டு வைரக்கட்டை போட்டோம். பலகை தேர்ந்தெடுக்கும்போது வெள்ளைப் பகுதியை முழுவதும் கழித்துவிடச் சொல்லுங்கள், பலகை கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை.

முதல் சில மாதங்கள் துணிப் பொம்மைகளில் வேப்ப வாசனை ஏறியிருந்தது. பிறகு போய்விட்டது. ஐப்பசி மழையில் பலகை சற்றுப் பருக்கும், பங்குனியில் பழையபடி ஆகும். காலிப் பெட்டியே 30 கிலோவுக்குப் பக்கம். மூன்று முறை வீடு மாறியபோதும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சொப்புச் சாமான்கள் போய்ச் சதுரங்கப் பலகையும் பூப்பந்து மட்டைகளும் வந்துவிட்டன. சென்ற மாதம் வழக்கம் போல ஒரு சாண் தூக்கிவிட்டுப் பார்த்தேன். மூடி நிற்கவில்லை, மெல்லச் சரிந்தது. இடப்பக்க உருளையில் அழுத்தம் குறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி கோணலாக இழுக்கும் என்பதால் ஜோடியாகவே வாங்கி வைத்திருக்கிறேன். நாத்தனாரின் இரண்டு வயது மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். சனிக்கிழமைக்குள் மாட்டிவிட வேண்டும்.