5 ரூபாய் பிடிஎஃப் தளங்கள்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பிடிஎஃப் இணைத்துத் தருகிறோம், சுருக்கித் தருகிறோம், வேர்டாக மாற்றித் தருகிறோம் என்று தேடலில் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் தளங்களில் ஒன்று, கணக்கை நீக்கிய பிறகும் என்னிடமிருந்து மாதம் 1,499 ரூபாய் எடுத்திருக்கிறது. பெயர் போடவில்லை. இதே வடிவமைப்பில் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் பல தளங்கள் இருக்கின்றன, ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

வீட்டுக் கடனுக்காகப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக, 5 எம்பிக்குள் வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள். கையில் போன் மட்டும்தான். தளத்தில் ஃபைல்களை ஏற்ற விட்டார்கள், பக்கங்களை வரிசை மாற்ற விட்டார்கள், பச்சைக் கோடு நூறு சதவீதம் வரை ஓடியது, அதுவரை காசு என்ற பேச்சே இல்லை. டவுன்லோடு பொத்தானை அழுத்தின பிறகுதான் ‘உங்கள் ஃபைல் தயார், 5 ரூபாய் மட்டும்’ என்று வந்தது, பக்கத்தில் ஒரு கடிகாரம், அது ஓடி முடிந்தால் ஃபைல் அழிந்துவிடுமாம். வேலை முழுக்க முடிந்தபின் விலை சொல்வது தற்செயல் இல்லை. இவ்வளவு நேரம் செலவழித்தவன் அஞ்சு ரூபாய்க்காகத் திரும்பிப் போகமாட்டான் என்று தெரிந்துதான் திரையை அப்படி அமைக்கிறார்கள்.

ஏழு நாள் சோதனை, அப்புறம் மாதச் சந்தா என்பது கீழே சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கட்டினேன், அன்று மாலையே தளத்துக்குள் போய் ரத்து செய்யவும் தேடினேன். அந்தப் பொத்தான் அமைப்புப் பக்கத்தில் இல்லை, உதவிப் பக்கத்தில் ஒரு கட்டுரையின் அடியில் இருந்தது. பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள், ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள் என்றார்கள், கடைசியில் கணக்கு நீக்கப்பட்டது என்று மின்னஞ்சலும் வந்தது. ஆனாலும் எட்டாம் நாள் பணம் போனது. அடுத்த மாதமும் போனது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தளத்தில் இருக்கும் உங்கள் கணக்கு வேறு, மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் பின் போட்டுக் கொடுத்த யுபிஐ ஆட்டோபே அனுமதி வேறு. தளக் கணக்கை நீக்கினாலும், போனிலிருந்து ஆப்பையே தூக்கிப் போட்டாலும், வங்கியில் பதிவான அந்த அனுமதி தானாகப் போகாது. அவர்கள் ரத்து செய்ய வேண்டும், அல்லது நீங்கள் உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய்ப் பின் நம்பர் போட்டு ரத்து செய்ய வேண்டும். இவர்கள் செய்யவில்லை.

எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். தெரிவித்தார்கள்தான். ஆனால் எஸ்எம்எஸ்ஸில் இருந்தது தளத்தின் பெயர் இல்லை, நான் கேள்வியே படாத ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட்டின் பெயர். இன்னொன்று, பின் கேட்காமல் தானாக எடுக்கும் தொகைக்கான வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்ந்தது. அதற்குள் இருக்கும் சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்க வேண்டியதில்லை. அனுமதித் திரையில் முதல் தொகையை விட ‘அதிகபட்சம்’ என்று போட்டிருக்கும் எண்தான் முக்கியம். சந்தா 1,499 என்றாலும் அதிகபட்சம் 5,000 என்று போட்டிருந்தால், நாளைக்கு விலையை ஏற்றினாலும் உங்களிடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. முடிவுத் தேதியையும் பாருங்கள், எனக்கு 2055 என்று இருந்தது. அதுவரை யார் பிடிஎஃப் இணைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுமதித்தது, இதை மோசடிப் பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள். தளமோ விதிமுறைப் பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

பணத்தை விட எனக்கு உறுத்துவது பத்திரம். சொத்து விவரம், கையெழுத்து, ஆதார் எண் எல்லாம் எங்கேயோ ஒரு சர்வரில் கிடக்கிறது. ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறார்கள், ரத்து செய்துவிட்டோம் என்று எழுதியவர்களும் இவர்களேதான். ஒரு தளம் ஃபைலை உண்மையில் வெளியே அனுப்புகிறதா என்று தெரிய எளிய வழி உண்டு: பக்கம் முழுதாகத் திறந்தபின் நெட்டை அணைத்துவிட்டு, உப்புச்சப்பில்லாத ஏதாவது இரண்டு ஃபைலைக் கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள். நெட் இல்லாமலே இணைத்துக் கொடுத்தால் வேலை உங்கள் பிரௌசருக்குள்ளேயே நடக்கிறது. பிரௌசருக்குள்ளேயே கனமான வேலைகளை வேகமாகச் செய்யவைக்கும் வெப்அசெம்பிளி வந்தபிறகு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. திணறினால், உங்கள் பத்திரத்தை அங்கே கொடுக்காதீர்கள்.

இந்த வேலைகளில் முக்கால்வாசிக்கு எந்தத் தளமும் வேண்டாம். பிடிஎஃப் 2008 முதல் ஐஎஸ்ஓவின் சர்வதேசத் தரம், யாருடைய தனிச்சொத்தும் இல்லை. மேக்கில் ப்ரிவியூ பக்கங்களை இணைக்கும், ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பிலேயே படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிடிஎஃப் ஆக்கலாம், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் பல பக்கங்களை ஒரே ஃபைலாக ஸ்கேன் செய்யும். விண்ணப்பத்தில் நாலு எழுத்து நிரப்ப ஃபயர்ஃபாக்ஸே போதும், திருத்த வேண்டுமென்றால் லிப்ரேஆபிஸ் டிரா இருக்கிறது, லினக்ஸ் ஆட்களுக்கு, கட்டளை கொடுத்துப் பிடிஎஃப் இணைக்கும் க்யூபிடிஎஃப் கருவி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பெரியவர்கள் போனையும் ஒருமுறை வாங்கி ஆட்டோபே பகுதியைப் பாருங்கள். அப்பாவின் போனில் ஒரு ராசிபலன் ஆப் வாரம் 99 ரூபாய்க்கு உட்கார்ந்திருந்தது. ரத்து செய்தேன் என்றதும், “ஏன்டா, அவன் நல்லாத்தானே சொல்லிக்கிட்டிருந்தான்” என்றார்.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் யுபிஐ ஆப்பில் அனுமதியை ரத்து செய்யுங்கள், மின்னஞ்சல் சண்டையெல்லாம் அப்புறம். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வெளியேற விடாமல் சுற்றவிடும் இந்த வேலைக்கு ‘சந்தாப் பொறி’ என்றே பெயர் வைத்து, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் நுகர்வோரை ஏமாற்றும் 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள், புகாரில் அதையே குறிப்பிடுங்கள். ரத்து செய்த மின்னஞ்சல், அதற்குப் பிறகு பணம் எடுத்த எஸ்எம்எஸ், இரண்டையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேருங்கள். நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.