கைக்குழந்தையும் இரண்டு லென்ஸும்: ஒன்றரை வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கைக்குழந்தையைப் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 50 எம்எம், எஃப் 1.8 (எம்எம் குறைந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும்; எஃப் எண் குறைந்தால் அதன் வாய் அதிகம் திறக்கும்). விலை குறைவு, வெளிச்சத்தை நன்றாக வாங்கும், பின்னணி கரைந்துபோகும். மூன்றும் உண்மைதான். ஆனாலும் ஒன்றரை வருடமாக அதையும் 24 எம்எம்மையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்த பிறகு என் கட்சி வேறு. முதல் மூன்று மாதத்துக்கு, அதுவும் வீட்டுக்குள், 24தான்.

கேமரா கேனான் 200டி மார்க் 2. அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம். இவ்வளவுதான் என் சொத்து. தலைப்பிரசவத்துக்கு அக்கா பாளையங்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனி மாதம் மருமகள் பிறந்தாள். கார்த்திகையில் அத்தான் வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப்போகும் வரை தாய்மாமன்தான் ஆஸ்தான போட்டோகிராபர். அதன் பிறகு லீவுக்கு அவர்கள் வரும்போதெல்லாம் கேமராவும் வெளியே வரும்.

பட்டாசலை, அதாவது கூடத்தை, ஒட்டிய அறை அவர்களுக்கு. தரையில் பாய், அதன் மேல் பழைய சேலை மடித்த விரிப்பு, விட்டத்தில் தொட்டில் சேலை. அறையின் குறுக்களவு பத்தடிகூட இல்லை. இங்கேதான் 50 மாட்டிக்கொள்கிறது. என் கேமராவில் இருக்கும் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 80 எம்எம்போல நடந்துகொள்ளும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் சட்டத்துக்குள் வருவது நீளவாக்கில் சுமார் 45 சென்டிமீட்டர். பிறந்த குழந்தையின் நீளமே ஏறத்தாழ 50. அதாவது பிள்ளையை முழுசாகக் காட்டவே பின்னால் நகர வேண்டும்; பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அக்காவும் வேண்டுமென்றால் சுவரில் முதுகு முட்டும். 24 எம்எம்மில் அதே ஒரு மீட்டரில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது. பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே தாய், பிள்ளை, எட்டிப் பார்க்கும் ஆச்சி எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். எடையும் 125 கிராம்தான். கேமராவில் மாட்டியிருப்பதே தெரியாது.

இரண்டாவது சங்கதி ஃபோகஸ் ஆழம். அரை மீட்டரில் 50ஐ முழுசாகத் திறந்து எஃப் 1.8இல் எடுத்தால், கூர்மையாக விழும் பட்டை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு கண் மங்கல். தூங்கும் குழந்தைக்கு மூடிய இமையில் ஆட்டோஃபோகஸ் பிடிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை; கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி அங்கே திணறும். ஆனால் எங்கள் ஆச்சி கன்னத்தில் இட்டுவிட்ட திருஷ்டிப் பொட்டு இருக்கிறதே, கன்னங்கரேலென்று, கேமரா ஓடிப்போய் அதில்தான் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரப் படங்களில் பொட்டு அவ்வளவு துல்லியம்! பிறகு 50ஐ எஃப் 3.5, 4 என்று மூடி, ஃபோகஸ் புள்ளியை ஒற்றையாக்கி, நானே இமை மயிரில் கொண்டுபோய் வைத்தேன். அப்படி மூடிய பிறகு எஃப் 1.8 என்ற பெருமைக்கு என்ன வேலை? 24 எம்எம்மில் எஃப் 2.8இலேயே அரை மீட்டரில் நாலரை சென்டிமீட்டர் போல ஆழம் கிடைக்கிறது. முகம் முழுக்கத் தெளிவு.

24க்கும் குறை உண்டு. 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம் என்பதால் கை தானாகவே கிட்டே போகும். முகத்துக்கு அப்படிப் போனால் மூக்கு பெருத்து நெற்றி சாய்ந்துவிடும். பாதம், மடங்கிய விரல், காதோரப் பூனைமயிர் இவற்றுக்குத்தான் அந்தத் தூரம். அதிலும் லென்ஸின் நிழலே பிள்ளை மேல் விழும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து உட்கார வேண்டும். முகம் மட்டும் தனியாக வேண்டும் என்கிற நாளில் 50தான், மறுப்பில்லை.

கிட் லென்ஸ் நன்றாகப் படம் எடுக்கும், வெளிச்சம்தான் பற்றாது. ஜூம் செய்தால் எஃப் 5.6. 24இல் ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டக் கேமராவில் ஏற்றும் எண்) 1600 போதும் என்கிற இடத்தில் அது 6400 கேட்கும். நிழலடித்த கன்னத்தில் புள்ளி புள்ளியாகிவிடும்.

லென்ஸைவிட ஜன்னலைப் பற்றித்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். வடக்கு ஜன்னல் வெளிச்சம் மென்மையானது, வெயில் நேரே விழாது என்று பாடம் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. பாளையங்கோட்டை பூமத்திய ரேகையிலிருந்து எட்டே முக்கால் பாகை போலத்தான் தள்ளி இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து உள்ளேயே வரும். நல்லவேளை, ஆனி ஆடியில் இந்தப் பக்கம் சாரல் மேகம் வந்து மூடிக்கொள்ளும். மேகம் இல்லாத நாளில் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். கடையில் விற்கும் டிஃப்யூசர் செய்கிற வேலையை ஒற்றை வேட்டி செய்துவிடுகிறது. எதிர்ப்பக்க நிழலைத் தூக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. இந்த ஒன்றரை வருடத்தில் படத்தின் தரத்தை அதிகம் மாற்றிய ஒரே பொருள் எது என்றால் அந்தத் தெர்மாகோலைத்தான் சொல்வேன்.

பிள்ளையின் தலை ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்வாக. கால் பக்கம் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் மோவாய்க்கு அடியிலிருந்து ஏறி, மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும். பாயைத் திருப்பிப் போட்டால் போதும், பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை.

அடுத்தது நிறம். எங்கள் அறையில் சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை டிஸ்டம்பர் சுவர். இரண்டும் பிள்ளை முகத்தில் ஏறும்: ஒரு கன்னம் செம்மண், மறு கன்னம் வாழையிலை. பெரிய வெள்ளைத் துணியைப் பாயைச் சுற்றி விரித்த பிறகுதான் தோல் நிறம் வழிக்கு வந்தது. வெள்ளைத் துணி போட்டதும் கேமரா ஏமாந்து படத்தை இருட்டடிக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படம் வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) ஏற்றி வைக்க வேண்டும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமரா நிறத்தைச் சரிசெய்யும் வசதி) சரிப்படாது. இரவில் வேறு வழியில்லாமல் அதில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அதைவிட வேகமாக எடுத்தால் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறும், மலிவான எல்இடியில் பட்டைகூட விழும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. பிறந்த இரண்டு மூன்று நாளில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காணும். கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளைக் கழுவி அழகாக்கிக் காட்டிவிடும். மஞ்சள் பல்பு இல்லாத மஞ்சளைக் கொண்டுவரும். "போட்டோவுல நல்லாத்தான இருக்கு" என்று அத்தான் போனில் சொன்னபோது அம்மா காதில் வாங்கவே இல்லை. பிள்ளையைப் பகல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து நேரில் பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டக் கிளம்பிவிட்டாள். அதுதான் சரி.

ஃபிளாஷ் நான் போடவில்லை. கண் கெட்டுவிடும் என்ற பயத்தினால் அல்ல. கேமராவின் சின்ன ஃபிளாஷ் முகத்தைத் தட்டையாக்கிவிடும், எண்ணெய் தேய்த்த நெற்றி பளபளக்கும். ஆனால் யாராவது ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்பாவை சிவப்பாக இல்லாமல் வெள்ளையாக மின்னினால் அதை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கோணத்தால் வருவதுதான். என்றாலும் விழித்திரைப் புற்று போன்ற சில நோய்களுக்கு அதுவே முதல் அடையாளம். கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஆச்சிக்கு இந்தக் காரியமே பிடிக்கவில்லை. "ஏல, பச்சப்பிள்ளைய போட்டோ பிடிக்காத, கண்ணு பட்டுரும். தீட்டு கழியட்டும்" என்பாள். பொட்டின் சைஸ் நாளுக்கு நாள் பெருத்ததற்கு நான்தான் காரணம். பிறகு ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது: எடுக்கலாம், வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாது. யோசித்துப் பார்த்தால் ஆச்சி சொன்னது இந்தக் காலத்துக்கும் பொருந்தும் விதிதான். பிள்ளை துணியில்லாமல் இருக்கும் படங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கைத் தாண்டவே இல்லை.

கேமராவின் ஷட்டர் சத்தம் சின்னதில்லை. தூங்கும் அறையில் ஒரு 'சடக்' கேட்டால் பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடும். முதல் சில மாதங்களுக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும் இயல்பான துள்ளல் அது. ஆனால் அப்படித் துள்ளி எழுந்தால் அக்காவின் பார்வை நம் பக்கம் திரும்பும். ஆகவே தூக்கத்துக்கு மொபைல். அதில் போர்ட்ரெய்ட் மோடை நிறுத்திவிடுங்கள், காது மடலைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடுகிறது. அழகூட்டும் வசதியையும் நிறுத்துங்கள். மூக்கு மேல் ஊசிமுனை போன்ற வெள்ளைப் புள்ளிகள், தோளில் பூனைமயிர், கணுக்காலில் உரிகிற தோல் இவையெல்லாம் சில வாரத்தில் தானாகப் போய்விடும். போன் அவற்றை அன்றைக்கே துடைத்துவிடுகிறது. எனக்கு வேண்டியதே அந்த அடையாளங்கள்தானே!

வீட்டில் எடுக்கக் கிடைக்கும் ஆகச் சிறந்த காட்சி குளிப்பாட்டுதான். தெருவில் பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டிவிடும் ஒரு பெரியம்மா வருவார். புறவாசலில் மணை போட்டு, காலை நீட்டி, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் பிள்ளையைப் படுக்கவைப்பார். எண்ணெய் மினுங்கும் அந்த வயதான கையும் அதற்குள் அடங்கிய சின்ன முதுகும் 24இல் ஒன்றாக விழும். திரையைத் திருப்பிவைத்துக் கேமராவைத் தரையோடு பிடித்தால் குனிய வேண்டியதில்லை. வெந்நீர் ஆவியில் லென்ஸ் பூத்துப்போகும், ஒரு பழைய பருத்தித் துணி இடுப்பில் இருக்கட்டும். பிள்ளை எந்தக் கணமும் வழுக்கும், அழும், நெளியும். ஷட்டர் 1/250க்குக் கீழே போகக் கூடாது. உறங்கும் பிள்ளைக்கு 1/125 தாராளம். சாம்பிராணிப் புகையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் படம் அள்ளும் என்று எனக்கும் ஆசைதான். புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பட்டாசலில் அக்கா தலைமுடிக்கு மட்டும் போட்டார்கள். அந்தப் படம் மட்டும் இருக்கிறது.

ஸ்டூடியோக்காரர்கள் செய்யும் கூடைப் படம், கன்னத்தில் கை ஊன்றிய தவளைப் படம் எதையும் நான் முயலவில்லை. அத்தான் அனுப்பிய மாதிரிப் படங்களில் அதுதான் நிறைய. அந்தத் தவளைப் படம் ஒரே படம் இல்லை. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், மற்றதில் கையைப் பிடித்திருப்பார். இரண்டையும் ஒட்டி விரல்களை அழித்துவிடுவார்கள். பிஞ்சுக் கழுத்து அந்தப் பாரத்தைத் தானாகத் தாங்காது. அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாத காரியம். எனக்கு இருந்த விதி ஒன்றுதான்: பிள்ளைக்கு நேர் மேலே கேமராவைப் பிடித்தால் அதன் பட்டி என் கழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது மருமகள் நடக்கிறாள். நடக்கிறாள் என்ன, ஓடுகிறாள். கேமராவைப் பார்த்தால் பிடுங்க வருகிறாள். இங்கேதான் 50 தன் காசைச் சம்பாதிக்கிறது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி நடையில் நின்றுகொண்டால் புறவாசலில் கோழியை விரட்டுவதை அவளுக்குத் தெரியாமல் எடுக்கலாம். அந்தத் தூரத்தில் எஃப் 2.8இல்கூட முகம் முழுக்கத் தெளிவாக விழுகிறது. எதிரே ஓடிவரும்போது லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் கொஞ்சம் பின்தங்கும். பத்தில் நான்கைந்து தேறினால் லாபம். ஒன்றரை வருடத்தில் இரண்டு லென்ஸும் ரிப்பேர் கேட்கவில்லை. 50இன் ஃபோகஸ் வளையத்தில் மட்டும் குளியல்பொடித் தூசு ஏறிச் சற்றுக் கரகரக்கிறது.

தீபாவளிக்கு அக்கா வந்தபோது மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு ஆல்பம் செய்தோம். 4க்கு 6 அங்குலம்தான். 24 மெகாபிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு வேண்டியதில்லை. எதைப் போடலாம் என்று அக்காவிடமே விட்டேன். கரைந்த பின்னணியில் முகம் மட்டும் இருந்த 50 எம்எம் படங்களைப் புரட்டித் தள்ளிக்கொண்டே போனாள். "இது எந்த வீட்டுப் பிள்ளையாவும் இருக்கலாம்ல" என்றாள். எடுத்துவைத்ததெல்லாம் பச்சைச் சுவர், தொட்டில் சேலை, வசம்பு வளையல், ஓரத்தில் யாரோ நீட்டிய வெந்நீர்ச் செம்பு, அம்மாவின் பாதி முகம் இருந்த படங்கள். ஆச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து தன் கை விழுந்த படங்களை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டாள். நிறம் ஏறுகிறதே என்று நான் வெள்ளைத் துணி விரித்து மறைத்த தரையைக் காணோமே என்றுகூட ஒரு குறை வந்தது.

சித்தப்பா மகன் வீட்டில் மாசியில் பிரசவம். 50ஐ இரவல் கேட்டான். 24ஐக் கொடுத்தனுப்பினேன், தெர்மாகோல் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், வேட்டி அவன் வீட்டில் இருக்கும். 50 இங்கேயே இருக்கட்டும், பொங்கலுக்கு மருமகள் வருகிறாள்.