முன் சிக்னலுக்கு எல்.ஈ.டி.: ரெசிஸ்டரா, ரிலேயா?

முன் சிக்னல் இரண்டையும் எல்.ஈ.டி.க்கு மாற்றிய அன்று என் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் பேய் பிடித்த மாதிரிக் கண் சிமிட்டியது. காரணம் புதிரல்ல. சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கும் சின்னப் பெட்டிதான் ரிலே. பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு 10 வாட் பல்ப் கணக்குப் பண்ணி வைத்த ரிலே அது. முன்னால் இருப்பது ஓரிரு வாட் மட்டும் இழுக்கும் எல்.ஈ.டி. என்றானதும், ஒரு பல்ப் செத்துவிட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கிறது. சூட்டில் இயங்கும் இன்னும் பழைய ரிலே என்றால் அடிக்காமல் எரிந்தபடியே நிற்கும்.

இதற்கு இரண்டு வழி. எல்.ஈ.டி.க்குப் பக்கத்தில், கரண்டை இழுத்துச் சூடாக்கும் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, பல்ப் இன்னும் இருக்கிறது என்று ரிலேயை ஏமாற்றலாம். அல்லது சுமையைக் கணக்கில் எடுக்காத எல்.ஈ.டி. ரிலே ஒன்றை மாற்றலாம். நான் இரண்டையும் செய்து பார்த்தேன், ரெசிஸ்டரைத்தான் முதலில். இப்போது வண்டியில் இருப்பது ரிலே. பல்ப்பையே வைத்திருந்தால் என்ன என்று கேட்டால், தாராளமாக வைத்திருக்கலாம். மலிவு எல்.ஈ.டி. சில, நம்முடைய மத்தியான வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

ஸ்பெயார் பார்ட்ஸ் கடை அண்ணன் சொன்னது ஒரே வசனம்: “தம்பி, ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு விடுங்க, எல்லாம் சரி வரும்.” உண்மையில் சரி வந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் அவர் தந்தது கார்களுக்குப் போடும் 6 ஓம் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் அது 2 அம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். 10 வாட் பல்ப்பைக் கழற்றி விட்டு அதற்குப் பதில் 24 வாட் அடுப்பு! இரவில் சந்தியில் நிற்கும்போது சிக்னல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைற் மங்கி எழும்பியது.

அந்த ரெசிஸ்டரை நான் வைத்தது ஹெட்லைற் கூட்டுக்குள். அது என் தவறுதான். உலோகத்தோடு முடுக்கி, காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டிய சாமான். ஒருநாள் இடது சிக்னலை அணைக்க மறந்து ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் போயிருக்கிறேன். இறங்கிக் கூட்டைத் தொட்டால் கை சுட்டது. உள்ளே பக்கத்து வயரின் தோல் இளகி ரெசிஸ்டரில் ஒட்டிப் போயிருந்தது.

சூட்டையாவது இடம் மாற்றிச் சமாளித்திருக்கலாம். என்னை ரிலேக்கு மாற்றியது வேறு: வயரில் போட்ட ஒட்டு.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே எதையும் கறள் விட்டு வைப்பதில்லை. வெளியே விட்ட சைக்கிள் செயின் ஒரு மாரிக்குள் சிவந்து போகும். வயரில் நடப்பது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு கால்; இரண்டு பக்கத்துக்கும் நான்கு ஒட்டு. நான் வயரை வெட்டாமல், நடுவில் கடித்துப் பிடிக்கும் அந்த நீல நிறக் கிளிப்பைப் போட்டிருந்தேன். அது வயரின் தோலைக் குத்தித்தான் உள்ளே போகும். குத்திய ஓட்டை வழியாக ஈரமும் போகும். மார்கழி மழையில் இடது பக்கம் திடீரென்று பழையபடி பேய் அடி அடித்தது. கிளிப்பைத் திறந்தால் உள்ளே பச்சைப் பசேல் என்று களிம்பு. நகத்தால் சுரண்ட, செம்பு இழைகள் இரண்டு மூன்று பொடியாகவே வந்தன. ஒன்றைத் துப்புரவாக்கினால் அடுத்த வாரம் மற்றது. நான்கில் எது என்று தேடி ஹெட்லைற்றைக் கழற்றி மாட்டுவதே வேலையாகப் போனது.

ரிலேயில் அந்தத் தொல்லை இல்லை. பழையதை இழுத்துக் கழற்று, புதியதைச் செருகு. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. கால் எத்தனை என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் இரண்டு. மூன்று கால் உள்ளதில் பெரும்பாலும் ஒன்று எர்த், அதாவது பற்றரியின் மைனஸ் பக்கம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. என் மீற்றரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சிக்னல் பல்ப். அது இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் தொங்குகிறது; அடிக்காத பக்கத்துப் பல்ப் வழியாகத்தான் அதற்கு எர்த் கிடைக்கிறது. பின்னால் பல்ப் இருந்தவரை பிரச்சினை இல்லை. பின்னாலும் எல்.ஈ.டி. போட்ட அன்று, இடது போட்டால் நான்கும் சேர்ந்து அடித்தன. மீற்றர் பல்ப் வழியாகக் கசியும் அந்தச் சின்னக் கரண்ட், எல்.ஈ.டி.க்கு எரியப் போதும். இதற்குக் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோட் இரண்டு வேண்டும். மீற்றர் பல்ப்பின் இரண்டு வயரையும் கழற்றி, இடதையும் வலதையும் ஆளுக்கொரு டயோட் வழியாக அதன் ஒரு காலுக்குக் கொடுத்து, மற்றக் காலை எர்த்தில் கட்ட வேண்டும். டயோட்டில் உள்ள வெள்ளிக் கோடு பல்ப்பைப் பார்த்து இருக்கட்டும். இந்த ஒட்டுகளை ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டேன். கிளிப் இனி இந்த வீட்டுக்குள் வராது.

ஹொண்டா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இடது சிக்னல் ஒரேஞ்ச், வலது இளநீலம், எர்த் பச்சை. கறுப்பு, சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர். ஆனால் கடையில் வாங்கும் எல்.ஈ.டி.யில் பெரும்பாலும் கறுப்புத்தான் எர்த். கறுப்போடு கறுப்பைக் கட்டி விட்டு, லைற் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அதிலிருந்து திரும்பி வந்தவன் சொல்கிறேன்.

ரிலேக்கும் குறை உண்டு. லைற் ஒன்று செத்தால் வேகமாக அடித்துச் சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை; மற்றது தன்பாட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு சுற்றுப் பார்த்து விடுகிறேன். அடிக்கும் வேகத்தையும் மாட்டியதும் எண்ணிப் பாருங்கள். ஐ.நா. வாகன விதிகளில் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை. 15 வினாடியில் 15க்கும் 30க்கும் இடையில் வந்தால் சரி. சில மலிவு ரிலேயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கும்.

சிக்னலைக் கம்பியூட்டர் நடத்துகிற புதுக் கார்களை நான் திறந்ததில்லை. அங்கே தனியாகக் கழற்ற ரிலேயே இல்லாமல் ரெசிஸ்டர்தான் வழி என்று ஆகலாம். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். என் ரிலே இரண்டு மாரி கண்டுவிட்டது. மூன்றாவதுக்குத் தாங்குமா என்று சத்தியம் பண்ண மாட்டேன். பழைய ரிலேயைப் பொலித்தீனில் சுற்றி சீற்றுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மழையில் புதியது கைவிட்டால் அதைச் செருகிக்கொண்டு, பேய் அடி அடித்தபடியாவது வீடு வந்து சேரலாம்.