‘ஐ7 அப்கிரேட்’ என்றால் எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள்

திருகோணமலையில் பழைய கொம்பியூட்டரை அப்கிரேட் செய்வதா, புதிதாக ஒன்று போடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் காசு கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது வழக்கமான அப்டேட், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதைச் சொல்லியே ஆட்களைப் பயம் காட்டி விற்கிற வியாபாரம் ஒன்று நடக்கிறது. நகரில் நேர்மையான கடைகளும் இருக்கின்றன, எனக்கு வாய்த்தது அப்படியான கடை அல்ல. பெயரைச் சொல்லப் போவதில்லை, முறைப்பாடு இன்னும் நடக்கிறது.

என்னுடைய மெஷின் 2014இல் வாங்கியது. இன்டெல் ஐ5-4570 புரோசசர், எச்81 போர்ட் (மதர்போர்ட்), 8 ஜிபி டிடிஆர்3 றாம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். கலியாண அட்டை, கோயில் மலர், முப்பத்தொராம் நாள் நினைவு மலர் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பக்கம் கட்டி அச்சகத்துக்குக் கொடுப்பதுதான் என் தொழில். அதற்கு அந்த மெஷின் போதும். மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த மாரியில் ஒரு புதுத் தொல்லை தொடங்கியது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் வரும். ஒருநாள் எப்படிப் போட்டும் வரவில்லை. கையில் அவசர வேலை. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த தம்பி கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றினார், உள்ளே ஒரு பார்வை பார்த்தார், மூடினார். “போர்ட் போயிட்டுது அண்ணா. இந்த மொடலுக்கு இனிப் போர்ட் எடுக்கேலாது. எடுத்தாலும் விண்டோஸ் 11 ஏறாது. பேசாம ஐ7 போடுவம். புதுப் போர்ட், புது எஸ்எஸ்டி, 16 ஜிபி றாம். முழுக்கப் புதுசு வாங்கிறதிண்ட பாதிக் காசுதான் வரும்.” எஸ்எஸ்டி என்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க். றாம் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டேன். உலகம் முழுக்க றாம் விலை ஏறிவிட்டது, செய்தி பார்க்கவில்லையா என்றார். எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். பழைய போர்ட், புரோசசர், றாம் மூன்றையும் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று எடுத்துக்கொண்டு ஒரு சின்னத் தொகையைக் கழித்ததாகவும் சொன்னார்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. கேசிங்கின் முகப்பில் பளபளப்பான ஐ7 ஸ்டிக்கர். விண்டோஸ் 11 சட்டென்று திறந்தது. முதலில் சந்தோஷம்தான்.

சந்தேகம் வந்தது பென் டிரைவில். அச்சகத்துக்குக் கொடுக்கிற கோப்புகள் பெரியவை. முன்பு கேசிங்கின் முன்பக்கத்து நீல யூஎஸ்பி துவாரத்தில் செருகினால் கடகடவென்று ஏறிவிடும். இப்போது அந்தத் துவாரத்தில் எதைச் செருகினாலும் அசைவே இல்லை. பின்பக்கத்தில் செருகினால் நத்தை வேகம். அக்காவின் மகன் லீவுக்கு வந்திருந்தான், கம்பஸில் கொம்பியூட்டர்தான் படிக்கிறான். பக்கத் தகட்டைக் கழற்றினான். முன்பக்கத்து யூஎஸ்பி 3 துவாரத்திலிருந்து வருகிற தடித்த நீல வயர் எங்கேயும் செருகப்படாமல், சுருட்டி, பிளாஸ்டிக் பட்டியால் கேசிங்கின் மூலையில் கட்டப்பட்டிருந்தது. “மாமா, இதைச் செருக இந்தப் போர்ட்ல இடமே இல்லை” என்றான்.

பிறகு கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மனேஜர் திறந்தது. அதில் பெர்ஃபோமன்ஸ் என்கிற பக்கத்துக்குப் போனால் மேலே வலது மூலையில் புரோசசரின் முழுப் பெயர் இருக்கும். அங்கே இருந்தது: ஐ7-2600, 3.40 கிகாஹெர்ட்ஸ்.

இது விளங்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏமாற்று முழுக்க இந்த இலக்கத்துக்குள்தான் இருக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பது தரவரிசை மட்டும்தான், வயது அல்ல. கோடுக்குப் பின்னால் வருகிற இலக்கத்தின் தொடக்கம்தான் தலைமுறை. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 4570 என்றால் நான்காம், 8500 என்றால் எட்டாம், 12100 என்றால் பன்னிரண்டாம். ஐ7-2600 சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். என்னுடைய ஐ5-4570 வந்தது 2013இல். அதாவது நான் 78,000 ரூபாய் கொடுத்து இரண்டு தலைமுறை பின்னுக்குப் போயிருக்கிறேன். எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலையைக் கையாளும் வசதி) இருப்பதால் சில கனமான வேலைகளில் அந்த ஐ7 ஈடுகொடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பக்கம் கட்டுவது மாதிரி ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் என் பழைய ஐ5தான் வேகம்.

‘புதுப் போர்ட்’ என்று சொன்னது ஒரு விதத்தில் உண்மை. போர்ட் புதுசு. பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு, எச்61 சிப்செட் (போர்ட்டில் என்னென்ன வசதி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிற சிப்). அந்த சிப்செட்டும் 2011இல் வந்ததுதான், பழைய புரோசசர்களை விற்றுத் தீர்ப்பதற்காக இன்றைக்கும் புதிதாகச் செய்து பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். எச்61இல் யூஎஸ்பி 3 தானாக வராது. டிஸ்க்கைச் செருகுகிற சாட்டா இணைப்பும் பழைய 3 கிகாபிட் வேகம். என் எச்81 போர்ட்டில் யூஎஸ்பி 3உம் 6 கிகாபிட் சாட்டாவும் இருந்தன. ஆக, புதிதாகப் போட்ட எஸ்எஸ்டி கூட அதன் பாதி வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் அது ‘சாட்டா/300 | சாட்டா/600’ என்று காட்டும். முன்னால் இருப்பது இப்போது ஓடுகிற வேகம், பின்னால் இருப்பது ஓடக்கூடிய வேகம்.

அதே திரையில் இன்னொரு வரி. ‘பவர் ஒன் அவர்ஸ்’, அந்த எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணித்தியாலம் மின்சாரத்தில் இருந்தது என்கிற கணக்கு. புதியது என்றால் ஒன்றோ இரண்டோ காட்ட வேண்டும். எனக்கு 21,000க்கு மேல் காட்டியது. ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்கு மேல் இராப்பகலாக எங்கேயோ ஓடிய சாமானைத் துடைத்துப் புதுசு என்று தந்திருக்கிறார்கள்.

றாம் விலைக் கதையும் இப்படித்தான். விலை ஏறியது உண்மை. ஏஐ தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதால் 2025இன் கடைசியிலிருந்து டிடிஆர்4, டிடிஆர்5 விலைகள் ஏறின. எனக்குப் போட்டது எங்கேயோ கழற்றிய பழைய வகை டிடிஆர்3.

விண்டோஸ் 11க்கு வருவோம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், செக்கியூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதி. இவை இருந்தால்தான் மைக்ரோசொஃப்ட் அதை ஏற்கிறது. சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியால் ஏற்றலாம், ஏறும், ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொஃப்ட்டே சொல்லியிருக்கிறது. அப்டேட் நின்றுவிடும் என்று பயம் காட்டித்தான் என்னிடம் வியாபாரம் செய்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பிசி ஹெல்த் செக் என்று மைக்ரோசொஃப்டின் சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு ஓடவிட்டால் இந்த மெஷின் தகுதியா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லும். கடையிலேயே, காசு கொடுக்கு முன்னமே, அதை ஓடவிடச் சொல்லுங்கள்.

மருமகன் கூலிங் ஃபேனையும் கழற்றினான். புரோசசரின் மேலே இருந்த சாம்பல் நிறப் பசையைத் துணியால் துடைக்க, உலோகத்தில் லேசரால் பொறித்த எழுத்து தெரிந்தது: ஐ7-2600, அதன் கீழே எஸ்ஆர்00பி என்ற இன்டெல் குறியீடு. படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

முதலாளி அன்றைக்கு இருந்தார். கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. “ஐ7 எண்டுதானே அண்ணா சொன்னனாங்கள். ஐ7தானே போட்டிருக்கு. எத்தினையாம் ஜெனரேஷன் எண்டு நீங்கள் கேக்கேல்லையே” என்றார். பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். அதில் ‘ஐ7 அப்கிரேட் கிட், 16 ஜிபி, 256 எஸ்எஸ்டி, வொறண்டி 1 வருடம்’ என்றுதான் எழுதியிருந்தது. மொடல் இல்லை, சீரியல் இலக்கம் இல்லை, புதுசு என்ற சொல்லும் இல்லை.

சரி, என் பழைய போர்ட்டையும் புரோசசரையும் தாருங்கள் என்றேன். உள்ளே போய் ஒரு போர்ட்டைக் கொண்டுவந்தார்கள். பச்சையாகக் களிம்பு பிடித்து, ஒரு மூலை வெடித்திருந்தது. என்னுடையது இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தூசு தட்டும்போது உள்ளே எந்த வயர் எங்கே என்று மறக்காமல் இருக்கப் படம் எடுத்து வைப்பது என் பழக்கம். போனில் அந்தப் படம் இருந்தது, போர்ட்டின் சீரியல் ஸ்டிக்கரும் அதில் வாசிக்கத் தெரிந்தது. காட்டினேன். பெடியன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்து, அது ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் என்றார். நல்ல போர்ட் என்பதால் வேறு யாருக்கோ ‘அப்கிரேட்’ ஆகப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

அந்தப் போர்ட் உண்மையில் பழுதா? மருமகன் நம்பவில்லை. ஃபேன் சுற்றும், திரை வராது, திரும்பப் போட்டால் வரும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது றாமின் பொன்னிறக் கால்களை. மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊர். உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால் அந்தக் கால்களில் மெல்லிய படலம் பிடிக்கும். றாமைக் கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் ஊதித் திரும்பச் செருகினால் பாதி ‘செத்த போர்ட்’ எழும்பிவிடும் என்கிறான். பின்பு போர்ட்டில் இருக்கிற சிமோஸ் பட்டரி, சிஆர்2032, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் காசு அளவான அந்தப் பட்டரி. இந்த இரண்டையும் பார்க்காமல் போர்ட் போய்விட்டது என்று எந்தக் கடை சொன்னாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

அப்கிரேட்டா புதுசா என்கிற கேள்விக்கு, இவ்வளவும் பட்ட பிறகு என் கணக்கு இது. நான்காம் தலைமுறை மெஷின் நன்றாக ஓடினால், எழுத்து வேலை மட்டும்தான் என்றால், ஒரு நல்ல எஸ்எஸ்டி போதும். விண்டோஸ் 10க்கான நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை ஓட்டலாம், பிறகு விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ். (பாமினிக்காரர்கள் லினக்ஸ் என்றதும் முகம் சுளிப்பது தெரியும், நானும் சுளிக்கிறேன்.) அதற்கு மேல் ஒரு சதமும் அந்தப் போர்ட்டில் போடாதீர்கள். விண்டோஸ் 11 வேண்டும் என்றால் போர்ட், புரோசசர், றாம் மூன்றும் ஒன்றாக மாற வேண்டும். மிஞ்சுவது கேசிங்கும் எஸ்எஸ்டியும்தான், பவர் சப்ளை நல்லதென்றால் அதுவும். அதை அப்கிரேட் என்று கூப்பிட்டாலும் கணக்குப்படி அது புது மெஷின், விலையையும் புது மெஷினோடுதான் ஒப்பிட வேண்டும்.

இடையில் ஒரு வழி உண்டு. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பிராண்ட் மெஷின்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ் என்றால் 7060 எட்டாம் தலைமுறை, 7050 அதற்கு முந்தியது. எச்பி எலைட்டெஸ்க் 800 என்றால் ஜி4 எட்டாம், ஜி3 முந்தியது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு இலக்கம்தான் வித்தியாசம், அந்த இலக்கத்தில்தான் விண்டோஸ் 11 இருக்கிறது. சின்ன கேசிங் மொடல்களில் பவர் சப்ளை அந்தக் கம்பனியின் சொந்த அளவு, பழுதானால் கடையில் வாங்கிப் பொருத்த முடியாது. நான் கடைசியில் வாங்கியது இப்படியான ஒன்றுதான், கொழும்பில், ஐ5-8500 போட்டது, பெரிய கேசிங்.

பற்றுச்சீட்டில் புரோசசரின் முழு மொடல், போர்ட்டின் மொடல், எஸ்எஸ்டியின் சீரியல் இலக்கம், புதுசா பாவித்ததா என்பது, இவை நான்கும் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத மாட்டோம் என்றால் காசு கொடுக்காதீர்கள். கழற்றிய சாமான் உங்களுடையது, அதையும் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இப்படி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைக்கலாம். ஆனால் அழைப்போடு நிறுத்த வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியையும் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். நான் அனுப்பியிருக்கிறேன். முறைப்பாடு போனது தெரிந்ததும் கடைக்காரர் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றித் தந்தார், இம்முறை மணித்தியாலக் கணக்கு 0. போர்ட்டையும் புரோசசரையும் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. விசாரணைக்குத் திகதி தந்தால் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.