மலிவு விலை ஆங்கிலச் சேணம்: சில வருட டர்பன் மழைக்குப் பிறகு

கான்பூரில் தைத்த தோல் சேணம் ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்திவருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாக வாங்கியது. பெயர்பெற்ற ஐரோப்பியச் சேணங்களின் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நான் ஏறுவது, டர்பனுக்கு அருகே சம்மர்வெல்டில் பந்தயப் பயிற்சி முடித்து ஓய்வுபெற்ற ஒரு தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) மேல். மலிவுச் சேணம் வாங்கலாமா என்று இங்கே குதிரை ஏறப் பழகும் நம்மவர்கள் கேட்டால், தாராளமாக வாங்குங்கள், ஆனால் தோலைப் பார்த்து மயங்காதீர்கள் என்பேன்.

கடையில் எல்லோரும் தோலைத்தான் தடவுகிறார்கள். வாரையும் திணிப்பையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சட்டம், அதாவது ட்ரீ, கோணலாக இருந்தால் அந்தச் சேணத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. சேணத்தின் முன்பக்க மேட்டைத் தொடையில் ஊன்றி, இருக்கைக்குப் பின்னால் உயர்ந்திருக்கும் பின்மேட்டைக் கையால் உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது சரிதான். கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, இருக்கையின் நடுவே தோல் மடிந்து சுருங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வளைந்தாலோ அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சட்டத்தின் முன்வளைவில் இரண்டு பக்கமும் இறங்கும் கால்களை நெருக்கியும் விரித்தும் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

அப்புறம் சேணத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். குதிரையின் முதுகில் படியும் மெத்தைகளான இரண்டு பேனலும் ஒரே உயரம், ஒரே பருமன் இருக்கிறதா? நடுவே ஓடும் பள்ளம் நேராக, கடைசிவரை மூன்று விரல் நுழையும் அகலத்தில் இருக்கிறதா? மலிவுச் சேணங்களில் நான் அதிகம் பார்த்த குறை இந்தக் கோணல்தான். அங்கவடியை (கால் வைக்கும் வளையம்) தாங்கும் வாரை மாட்டும் கம்பிகள் வார்ப்பு இரும்பாக இல்லாமல் அடித்துச் செய்த எஃகாக, இரண்டு பக்கமும் சம உயரத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

என் சேணத்தில் சட்டம் இன்றுவரை அசையவில்லை. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. முதலில் சாயம், வெளிர் நிற ஜோத்பூர் கால்சட்டையின் உள்பக்கம் பழுப்பாகிப் போனது. பிறகு குதிரையின் வயிற்றைச் சுற்றும் கச்சையை மாட்டும் வார்கள் இழுபட்டு, துளைகள் முட்டை வடிவமாயின. வார் அறுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அதை மட்டும் தள்ளிப்போடாமல் மாற்றினேன். பக்க மடிப்பில் மேற்பூச்சு பாளம் பாளமாக வெடித்தது. அது முழுத்தோல் இல்லை, பிளந்த தோலின் மேல் பூச்சு. கடையில் அது பளபளவென்று மின்னியதற்கு அந்தப் பூச்சுதான் காரணம். பேனலில் கம்பளியோடு என்னென்னவோ கலந்து திணித்திருந்தார்கள். அது கட்டி கட்டியாகிவிட்டது. சேணக்காரர் அதைப் பிரித்து நல்ல கம்பளி வைத்துத் தந்தார். அந்தச் செலவையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

டர்பனின் ஈரக்காற்று தனிக் கதை. புரட்டாசி வந்தால் அம்மா தோல் சாமானை வீட்டுக்குள் விடமாட்டார். சேணம் கராஜுக்குப் போகும். சரியாக அப்போதுதான் மழையும் தொடங்கும். பூஞ்சை பிடித்தால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, நிழலில் காயவைத்து, கிளிசரின் சோப்பு போடுகிறேன். பிளாஸ்டிக் உறையில் வைப்பதில்லை, பருத்தி உறைதான். எண்ணெயை அள்ளி ஊற்றினால் தோல் தொளதொளத்துத் தையலும் வீணாகும்.

குதிரைக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடையில் தீர்மானிக்க முடியாது. தரோபிரெட்டுக்குத் தோள்மேடு, அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு, உயரம். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அதற்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. சவாரி முடிந்ததும் வியர்வையைப் பாருங்கள்: சுற்றிலும் நனைந்து நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் என்று சந்தேகப்பட வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் நாளடைவில் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புதிய பயிற்சியில் முதுகுச் சதை ஏற ஏற, அதன் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். என்னுடையது நாமே அகலம் மாற்றிக்கொள்ள முடியாத சட்டம். ஒரு கட்டத்தில் குறுகலாகிவிட்டது. அடியில் தடித்த துணி போட்டால் இன்னும் இறுகும். அதனால் சேணக்காரரிடம், சேணம் தாங்கும் அளவுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் விரித்துத் தரச் சொன்னேன். எல்லாச் சட்டத்துக்கும் இது ஒத்துவராது. இப்படிப்பட்ட குதிரைக்கு முதல் சேணம் தேடுபவர்கள் வின்டெக் போன்ற செயற்கைச் சேணத்தை யோசிக்கலாம். அதில் முன்வளைவுத் தகட்டைக் கழற்றி வேறு அளவு போடலாம், பூஞ்சையைக் கழுவிவிடலாம். எனக்கு அதன் உட்காரும் சுகம் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

குதிரையில் தடை தாண்டப் பழகப்போகிறீர்கள் என்றால் மலிவான புதுசை விட, இங்கிலாந்தின் வால்சாலில் செய்த பழைய சேணம் ஒன்றைத் தேடுங்கள். இருபது வருடப் பழசானாலும் பரவாயில்லை. ஆனால் குதிரை எப்போதாவது அந்தச் சேணத்தோடு விழுந்து புரண்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும், தொடையில் ஊன்றிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.