பாப் ராணி பட்டம் யாருக்கு? மடோனா, டெய்லர் ஸ்விஃப்ட், பியான்சே

ஆண்கள் பக்கம் இந்தத் தகராறே கிடையாது. பாப் மன்னர் என்றால் மைக்கேல் ஜாக்சன். 1989-ல் ஒரு விருது விழாவில் நடிகை எலிசபெத் டெய்லர் அவரை பாப், ராக், சோல் இசையின் உண்மையான மன்னர் என்று மேடையேற்றினார். பட்டம் ஒட்டிக்கொண்டது, கதை முடிந்தது. சோல் ராணி அரீத்தா ஃபிராங்க்ளின் என்பதிலும் மறுபேச்சில்லை. பாப் ராணி என்று வாயைத் திறந்தால்தான் ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு படை.

பாதிச் சண்டை அளவுகோலில்தான் இருக்கிறது. குரல்தான் அளவு என்றால் விட்னி ஹூஸ்டன், மரையா கேரி இருவரையும் தாண்டி வேறு யார் பெயரையும் சொல்லவே கூச்சமாக இருக்கும். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளை எண்ணினால் மரையாவுக்கு 19, ரிஹானாவுக்கு 14, மடோனாவுக்கு 12. மரையா 1994-ல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு 25 வருடம் கழித்து 2019-ல் முதலிடத்துக்கு வந்தது. எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் மகுடத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் எண்ணிக்கை பேசுகிறவர்களே அப்படிச் செய்வதில்லை. மனசுக்குள் வேறு ஏதோ கணக்கு ஓடுகிறது.

எனக்கு ஓடும் கணக்கு இது: ராணி என்றால் ஆள வேண்டும். தன் பாட்டு, தன் உடம்பு, தன் பணம் ஆகியவற்றில் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும். அதோடு, அவர் வந்த பிறகு மற்றவர்கள் தொழில் செய்யும் விதமும் மாறியிருக்க வேண்டும். பிரிட்னி ஸ்பியர்ஸை எல்லோரும் பாப் இளவரசி என்றார்கள், கடைசிவரை இளவரசியாகவே நிறுத்திவிட்டார்கள். 2008-லிருந்து 2021 வரை நீதிமன்றம் நியமித்த காப்பாளர்களின் கையில் அவருடைய சொத்தும் வாழ்க்கையும் இருந்தன. அந்தக் காலத்திலும் அவர் ஆல்பம் போட்டார், மேடையேறினார், கூட்டமும் வந்தது. ஆட்சி மட்டும் இல்லை.

ஜேனட் ஜாக்சன் ரசிகர்களின் ஆதங்கம் நியாயமானது. 1989-ல் வந்த அவருடைய 'ரிதம் நேஷன் 1814' ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டுகள் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. இன்று மேடையில் அணியணியாக ஆடும் ஆட்டத்தில் பாதி அவர் வீட்டுச் சரக்கு. 2004-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் மேடையில் உடை கிழிந்த விவகாரத்தில் கிழித்த சக பாடகர் தப்பித்தார், பழி இவர் தலையில் விழுந்தது. ரிஹானா 2016-க்குப் பிறகு ஆல்பமே போடவில்லை. அழகுசாதனத் தொழிலில் அவர் ராணி, அது வேறு நாடு. லேடி காகாவை மடோனாவின் நேர் வாரிசு என்பேன். 2024 மே மாதம் ரியோவின் கோபகபானா கடற்கரையில் மடோனா நடத்திய இலவசக் கச்சேரிக்கு 16 லட்சம் பேர் வந்ததாக உள்ளூர் அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். அடுத்த மே மாதம் அதே மணலில் காகாவுக்கு 20 லட்சத்துக்கும் மேல் என்றார்கள். ஆனால் காகா நடந்த பாதையில் முள் எடுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால், மறுபடி மடோனாவிடம்தான் வந்து நிற்போம்.

சரி, மடோனா. 1984 செப்டம்பர், நியூயார்க், எம்டிவியின் முதல் வீடியோ விருது விழா. வெள்ளைக் கல்யாண உடையில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு கேக்கின் உச்சியில் நிற்கிறார். பாடப்போவது 'லைக் எ வர்ஜின்', பாட்டு இன்னும் கடைக்கே வரவில்லை. கீழே இறங்கியதும் ஒரு செருப்பு கழன்றுவிடுகிறது. அதை எடுக்கத் தரையில் பாய்ந்ததாகவும், அப்போது பாவாடை மேலேறிவிட்டதாகவும், சரி இதையே ஆட்டமாக்கிவிடுவோம் என்று உருண்டதாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாற்பது வருடம் கழித்தும் அந்த உருளலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். கழன்ற செருப்பை வைத்து இவ்வளவு தூரம் நடந்தவர் வேறு யார்?

1989-ல் 'லைக் எ ப்ரேயர்' பாட்டைப் பெப்சி விளம்பரத்துக்குக் கொடுத்தார். விளம்பரம் வந்த சூட்டோடு, எரியும் சிலுவைகளோடு அவருடைய சொந்த வீடியோவும் வந்தது. வாடிகனிலிருந்து கண்டனம், ஊரெல்லாம் புறக்கணிப்பு மிரட்டல். பெப்சி விளம்பரத்தை நிறுத்தியது. பேசிய 50 லட்சம் டாலர் மட்டும் அவரிடமே தங்கியது. 1992-ல் டைம் வார்னரோடு சேர்ந்து மேவரிக் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். சும்மா பெயர்ப்பலகைக்கு இல்லை: 1995-ல் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் 'ஜேகட் லிட்டில் பில்' ஆல்பம் அங்கிருந்துதான் வந்தது. நாற்பதை நெருங்கும் வயதில், பெண் பாடகிகளை ஓரங்கட்டத் தயாராக இருந்த ஒரு தொழிலில், 'ரே ஆஃப் லைட்' போட்டு கிராமி வாங்கினார்.

குறை இல்லாமல் இல்லை. குரல் சுமார்தான். 2005-ல் வந்த நடன ஆல்பத்துக்குப் பிறகு மனசில் நிற்கிற மாதிரி அவர் எதுவும் தரவில்லை என்பது என் கட்சி. இன்னொன்று கனமானது. 1990-ல் வந்த 'வோக்' பாட்டின் ஆட்டம், நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின, லத்தீன் இனத் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் வளர்த்தெடுத்தது. அவர்களில் சிலரை மடோனா தன்னோடு மேடையேற்றினார், உண்மை. ஆனால் அந்தப் பாட்டில் வரிசையாக 16 பிரபலங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவார். அதில் ஒரு கறுப்பினப் பெயர்கூடக் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இங்கே திரும்பி வரும்.

டெய்லர் ஸ்விஃப்ட் விஷயத்தில் எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஈராஸ் டூர் 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்தது: 149 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல், டிக்கெட் வருமானம் மட்டும் 200 கோடி டாலரைத் தாண்டியது. 2022-ல் ஹாட் 100-ன் முதல் பத்து இடங்களையும் ஒரே வாரத்தில் தன் பாட்டுகளால் நிரப்பினார், அதற்குமுன் யாரும் செய்யாதது. ஆனால் என்னை அசைத்தது வேறொன்று. முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவு உரிமை 2019-ல் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறியது. வேறு யாராவது என்றால் வழக்குப் போட்டிருப்பார்கள், இல்லை அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் பழைய ஆல்பங்களை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்தார். நான்கு ஆல்பங்கள். ரசிகர்கள் புதியதை வாங்க, பழையதற்கு மவுசு குறைந்தது. அப்படி வந்த பத்து நிமிடப் பாட்டு ஒன்று முதலிடத்தையும் பிடித்தது. 2025-ல் மூலப்பதிவுகளையே விலைக்கு வாங்கிவிட்டார். ஆட்சி என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இருந்தும் ஏன் பட்டம் அவருக்கில்லை? அவருடைய பலம் எழுத்து, அதிலும் சொந்தக் கதை. அந்தக் கதைக்குள் வந்தவர்களுக்கு அவர்தான் எல்லாம், வெளியே நிற்கிறவர்களுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். பாப் இசையின் ஒலியையோ ஆட்டத்தையோ அவர் மாற்றவில்லை. அமெரிக்க நாட்டுப்புற பாணியான கன்ட்ரி இசையிலிருந்து வந்து பாப்புக்குள் மிகப் பெரிய வீடு கட்டிக்கொண்டார். தெருவின் அமைப்பு ஏற்கெனவே இருந்ததுதான்.

பியான்சேவிடம்தான் என் கட்சி ஆட்டம் காண்கிறது. 2013 டிசம்பர் 13, நள்ளிரவு. போஸ்டர் இல்லை, பேட்டி இல்லை, முன்னோட்டம் இல்லை. 14 பாட்டு, 17 வீடியோ, ஐட்யூன்ஸில் அப்படியே வந்து இறங்கியது. அமெரிக்காவில் ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்த காலம் அது, இவருடையது வெள்ளிக்கிழமை வந்தது. 2015-லிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். அவர் ஒருவரால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நள்ளிரவை மறந்துவிட்டும் பேச முடியாது. 2018-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் முதன்மைக் கலைஞராக மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் அவர். இரட்டைக் குழந்தை பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. கறுப்பினக் கல்லூரிகளின் அணிவகுப்பு வாத்தியக் குழு பாணியில், பிரமிடு மாதிரி அடுக்கிய படிக்கட்டுகளில் மஞ்சள் உடை வாத்தியக்காரர்கள். நடுவே இவர் ஆடிக்கொண்டே மூச்சு வாங்காமல் பாடுகிறார். குரல், ஆட்டம், கற்பனை மூன்றையும் தராசில் வைத்தால் மடோனா பக்கம் மேலே போய்விடும். என்னிடம் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பியான்சேவுக்குத்தான் போவேன்.

கிராமி வேறு வேடிக்கை. 35 விருது, வேறு யாரிடமும் அத்தனை இல்லை. ஆனால் ஆண்டின் சிறந்த ஆல்பம் மட்டும் நான்கு முறை கைநழுவி, 2025-ல் 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பத்துக்குத்தான் வந்தது. முதல் முறை, 2010-ல், அதைத் தட்டிச் சென்றவர் டெய்லர். 2025-ல் அதே விழாவில் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதை பியான்சே கையில் கொடுத்தவரும் டெய்லர்தான். ரசிகர்கள்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஏன் இன்னும் மடோனா என்கிறேன்? பாடகி என்பவள் பாடினால் மட்டும் போதாது, தோற்றம், வீடியோ, சர்ச்சை, ஒப்பந்தம் எல்லாவற்றையும் தானே நடத்த வேண்டும் என்ற வேலைக்கான விதிகளை எழுதியவர் அவர். மற்ற இருவரும் அந்த வேலையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள்.

இந்த வழக்கில் பியான்சேவும் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறார். 2022-ல் தன் 'பிரேக் மை சோல்' பாட்டையும் 'வோக்' பாட்டையும் பிணைத்து ஒரு ரீமிக்ஸ் வெளியிட்டார், மடோனாவின் சம்மதத்தோடு, இருவர் பெயரிலும். அந்த 16 பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது நீனா சிமோன், பெஸ்ஸி ஸ்மித் என்று கறுப்பினப் பாடகிகளின் பெயர்கள். 1990-ன் பாக்கி தீர்க்கப்பட்டது. அந்த வரிசையில் முதல் பெயர் மடோனாவுடையது. அவரை பியான்சே அழைப்பது ராணி என்றல்ல, ராஜமாதா என்று. மரியாதையும் இருக்கிறது, அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்பதும் இருக்கிறது. மடோனா புரிந்துகொண்டார் போலிருக்கிறது. 2023-24 டூரில் 'வோக்' வரும்போது மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய இளைய மகள்களில் ஒருத்தி ஆட, கையிலிருந்த பத்து மதிப்பெண் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.